அப்பாவுக்கு, ரியாத்திலிருந்து

ரியாத்,
தை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, தங்கச்சி, சின்னவன், அவன் வீட்டு வாண்டுகள் எல்லோரும் நலம்தானே.

மேலத்தெரு மச்சான் லீவு முடிந்து வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதமும் அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயும் வந்து சேர்ந்தன. வரும் வழியில் பாட்டில் கசிந்து கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எண்ணெய் ஏறிவிட்டது. படிக்க முடிகிறது, பரவாயில்லை. போனில் பேசலாம் என்றால் உங்கள் காதுக்கு நான் கத்த வேண்டியிருக்கிறது. ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்து முறைக்கிறார்கள். அதனால் நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

‘வெயிலில் அலையாதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா, இப்போது இங்கே வெயில் இல்லை, குளிர்தான். பகலில் சுகமாக இருக்கும். பொழுது இறங்கியதும், அதுவும் ஊரைவிட்டு வெளியே பாலைவனத்தில் நின்றால், காதும் மூக்கும் இருப்பதே தெரியாது. பத்தா கடைத்தெருவில் பழைய கோட்டு ஒன்று வாங்கினேன். யாரோ நல்ல உயரமான ஆளுடையது, எனக்கு முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. அம்மா பார்த்தால் சிரிப்பாள். ஆனால் காற்றுக்கு அதுதான் காவல்.

பக்கத்து ரூம் கான் பாயைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா, பெஷாவர்க்காரர். இந்தக் குளிரிலும் மொட்டைமாடியில் கட்டில் போட்டுத்தான் படுக்கிறார். சுவருக்குள் படுத்தால் மூச்சு முட்டுமாம். அதிகாலை மூன்று மணிக்குப் பாடிக்கொண்டே வண்டி கழுவுவார். மழை வருமா என்று நாங்கள் மொபைலைப் பார்ப்பதில்லை, அவருடைய இடது முழங்காலைக் கேட்கிறோம். வேடிக்கையில்லை. இங்கே எங்கோ தூரத்தில் மழை பெய்தாலும் வாதி என்கிற காய்ந்து கிடக்கிற ஆற்றுப் படுகைகளில் திடீரென்று வெள்ளம் வந்துவிடும். வண்டியோடு இழுத்துக்கொண்டு போய்விடும். போன மாதம் அவர் முழங்கால் வலிக்கிறது என்றார், சாயங்காலமே கம்பெனி மறுநாள் டிரிப்பை ரத்து செய்தது. மழையும் வந்தது. ரத்தானால் அன்றைய படி கிடையாது, அது வேறு விஷயம்.

வீட்டு டிரைவர் வேலையை விட்டது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது ஓட்டுவது டூரிஸ்ட் வண்டி. நான் வந்த புதிதில் இப்படி ஒரு வேலையே இங்கே இல்லை. வேலைக்கு வருகிறவர்கள், மக்கா மதீனாவுக்கு வருகிறவர்கள், வியாபாரத்துக்கு வருகிறவர்கள், அவ்வளவுதான். 2019-இல்தான் சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் விசா கொடுக்க ஆரம்பித்தார்கள். காலையில் ஹோட்டல் வாசலில் ஏற்றி, பார்க்க வேண்டியதைக் காட்டி, ராத்திரிக்குள் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். கூட வருகிற கைடு இந்த ஊர்ப் பையன், காலேஜ் படித்தவன், மரியாதை தெரிந்தவன். பேச்சு அவனுடையது, ஸ்டியரிங் என்னுடையது. குளிர்காலம்தான் சீசன். கோடையில் யாரும் வரமாட்டார்கள். அப்போது நன்றாக ஓய்வெடுக்கலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது ‘உலகத்தின் விளிம்பு’. ரியாத்திலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். உயய்னா தாண்டியதும் தார் ரோடு முடிந்துவிடும். அங்கே வண்டியை நிறுத்தி டயரில் கொஞ்சம் காற்று இறக்குவேன். அப்புறம் கல்லும் புழுதியும்தான். முள்ளு மரங்கள் எல்லாம் நம் வேல மர ஜாதி, அதைப் பார்த்தால்தான் கண்ணுக்கு ஆறுதல். மணலில் மாட்டினால் தோண்டி எடுத்துவிடலாம் அப்பா, இந்தக் கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும், ஒட்டவும் முடியாது. அதனால் இரண்டு ஸ்டெப்னி இல்லாமல் நான் கிளம்புவதில்லை. ஒரு தடவை இரண்டையுமே மாட்டித்தான் ஊர் வந்து சேர்ந்தேன். டயர் காசை யார் தலையில் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள்.

போய் நின்றால் தரை அப்படியே முடிந்துவிடுகிறது. துவைக் மலைத்தொடரின் செங்குத்தான முகம் அது. மலை மொத்தம் 800 கிலோமீட்டர் நீளம். இந்த இடத்தில் கீழே 300 மீட்டர் பள்ளம். அடியில் கண்ணுக்கெட்டிய வரைக்கும் சமவெளி, காய்ந்த ஆற்றுத் தடங்கள், ஒட்டகக் கூட்டம் போன பழைய பாதைகள். 15 கோடி வருஷங்களுக்கும் முன்னால் இது கடலடியாம். சுண்ணாம்புக் கல்லில் சிப்பியும் பவளமும் கல்லாகிக் கிடக்கின்றன. கைடு பையன் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவான், யாரையும் பையில் போட விடமாட்டான். கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது. வருகிறவர்களோ நுனியில் காலைத் தொங்கப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அடிவயிற்றைப் பிசையும். நான் அந்தப் பக்கமே போவதில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். வண்டிக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாக அடுப்பு மூட்டிச் சுலைமானி, அதாவது பாலில்லாத டீ, போடுவது என் வேலை. சூரியன் விழுந்ததும் எல்லோரும் நடுங்கிக்கொண்டே ஓடி வந்து கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். கைடு கஹ்வா ஊற்றுவான். ஏலக்காய் போட்ட வெளிர் மஞ்சள் காப்பி, சீனி கிடையாது, பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். சின்னக் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுத்தால்தான் போதும் என்று அர்த்தம். தெரியாதவர்கள் ஆட்டாமல் நீட்டிக்கொண்டே இருப்பார்கள், அவனும் ஊற்றிக்கொண்டே இருப்பான்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்கிறவர்களுக்குத் திரியா. வாதி ஹனீஃபா ஓரத்தில் இருக்கிறது. சவுதி ராஜ்ஜியம் முதன்முதலில் தலையெடுத்த ஊர். 1818-இல் எகிப்திலிருந்து வந்த இப்ராஹிம் பாஷாவின் படை மாதக்கணக்கில் முற்றுகை போட்டு வீழ்த்தியது. அதற்குப் பிறகுதான் தலைநகரம் ரியாத்துக்கு வந்தது. அங்கே துரைஃப் என்கிற பகுதி முழுக்க மண் அரண்மனைகள். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். களிமண்ணில் வைக்கோல் கலந்து மிதித்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்த கல்தான், அப்பா. சுடவே இல்லை. சுவரில் முக்கோண முக்கோணமாகத் துளை விட்டிருக்கிறார்கள், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். கொளுத்துகிற மாதத்தில் அந்தச் சுவர் நிழலில் நின்று பாருங்கள், நம் ஓட்டு வீடெல்லாம் ஒன்றுமே இல்லை. ஊருக்குள் இருக்கும் மஸ்மக் கோட்டையில் 1902 சண்டையில் கதவில் குத்திய ஈட்டி முனை இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வர அரை மணிகூட ஆகாது.

ஆனால் உங்களுக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தது உஷைகிர் பற்றி. 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய மண் கிராமம். சந்து சந்தாக வீடுகள், மேலே பேரீச்ச மட்டையும் மரமும் போட்டு மூடிய நடைபாதை. பொங்கலன்று அங்கேதான் டிரிப். அதுவும் நல்லதாகப் போயிற்று, ரூமில் இருந்திருந்தால் பொழுது போயிருக்காது.

அங்கே ஒரு பழைய கிணறு. தண்ணீர் இல்லை. மேலே மரச் சட்டமும் உருளையும் நிற்கின்றன, பக்கத்தில் சரிவு. ஒட்டகமோ கழுதையோ கட்டி இறைப்பார்களாம். தோல் பைக்கு இரண்டு கயிறு: மேல் உருளையில் பெரியது, கீழ் உருளையில் சின்னது. கைடு சொல்லச் சொல்ல எனக்குத் தாங்கவில்லை. நம் கமலைதான், அப்பா! தண்ணீர் அள்ளும் கூனையும் அதன் தோல் வாயான தும்பியும், பெரிய வடமும் சின்ன வால்கயிறும், எதுவும் மாறவில்லை. கயிறு தேய்த்த தடம் விளிம்புக் கல்லில் இருந்தது; விரலை விட்டுப் பார்த்தேன், பாதி விரல் உள்ளே போயிற்று.

ஒரு ஜெர்மன் அம்மா, தண்ணீர் தானாக எப்படிக் கொட்டும் என்று கைடைக் கேட்டார். பையன் அவ்வளவு விவரமாகப் பார்த்ததில்லை போல, திணறினான். டிரிப்பில் வாயே திறக்காத நான் நடுவில் புகுந்துவிட்டேன். பாதி அரபி, பாதி இங்கிலீஷ். வால்கயிறு எப்படி இழுபடும், தும்பி எப்படி வாய் திறக்கும், வடத்தில் ஏறி உட்கார்ந்து ஆள் எப்படி இறங்குவான், மாடு எப்படிப் பின்னாலேயே நடந்து மேலேறும் என்று அந்தச் சரிவில் நானே நடந்து காட்டினேன். கோட்டு வேறு காலில் தடுக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ‘நீ இறைத்திருக்கிறாயா?’ என்று அந்த அம்மா கேட்டார். ‘இல்லை, என் அப்பா’ என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. டயர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டேன். நீங்கள் கமலைப் பாட்டின் முதல் இரண்டு வரியைத்தான் எப்போதும் பாடுவீர்கள், மிச்சத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. வீட்டில் அன்றைக்கு எத்தனை மணிக்குப் பொங்கல் பொங்கியது, யார் தட்டைத் தட்டியது, அதைக்கூட யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிணற்றுக்காட்டை விற்க வேண்டாம். பிளாட் போடுகிறவர் நல்ல விலை சொல்கிறார், தண்ணீர் வற்றிய கிணற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று சின்னவன் கேட்பதும் தெரியும். நம் கிணற்றைப் பார்க்க யாரும் வண்டி கட்டி வரப்போவதில்லை, அதுவும் தெரியும். இருந்தாலும் என் கையெழுத்து கிடைக்காது. பவர் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். அதற்கு இந்தியத் தூதரகத்தில் போய்ச் சான்று வாங்க வேண்டும், அதற்கு லீவு வேண்டும், சீசன் முடியாமல் லீவு இல்லை. சின்னவனிடம் இதையே சொல்லுங்கள், சண்டை வராது.

தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் நான் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனியில் சம்பளத்தைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருந்தால் செலவாகிவிடும், இதுவும் ஒருவகையில் நல்லதுதான். மச்சான் என் கையில் மோதிரம் இல்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னாராம். ஸ்பானர் பிடிக்கும்போது இடிக்கிறது என்று கழற்றி வைத்தேன், வேறொன்றுமில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் வைகாசி என்றே சொல்லுங்கள், சித்திரை வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் கேட்டால் பெரியப்பாவிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நான் கேட்டதாகச் சொன்னால் தருவார். கூட்டுறவு பேங்கில் இருக்கிற நகைக்கு இந்த வருஷ வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள், மீட்பதைப் பிறகு பார்க்கலாம்.

காது டாக்டரிடம் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள். மிஷின் வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். பங்குனியில் மச்சானின் தம்பி இங்கே வருவதாகக் கேள்வி. கிணற்றுக்காட்டுப் பட்டா நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள், என்னிடமும் ஒன்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்,
பெரியவன்

பி.கு.: பத்திரப் பெட்டிச் சாவி அம்மாவிடமே இருக்கட்டும். சின்னவன் கேட்டால், தேடுகிறோம் என்று சொல்லுங்கள்.