கை கொடுக்க மறுத்த பெண்ணுக்கு என்ன ஆச்சு?

சிட்னி
23 பிப்ரவரி 2020

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். போன வாரம் நீங்கள் போனில் கேட்டதற்கு நான் கத்திக் கத்திப் பதில் சொன்னேன், பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் அண்ணன் தன் கட்சிக்குத் தகுந்தமாதிரி படித்துக் காட்டுவான். அதனால் பழையபடி கடிதமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

காட்டுத்தீயில் எரிந்த ஊரைப் பார்க்க வந்த ஆஸ்திரேலியப் பிரதமருக்குக் கை கொடுக்க மாட்டேன் என்று சொன்ன அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதா என்று கேட்டீர்கள். இல்லை அப்பா. கைதும் இல்லை, வழக்கும் இல்லை. கஜா புயலுக்கு அப்புறம் கொத்தமங்கலத்தில் நிவாரணம் கேட்டுப் போராடியவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதை எல்லாம் பார்த்த உங்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். இங்கே அது பெரிய விஷயமே ஆகவில்லை. விஷயம் ஆனது பிரதமர் நடந்துகொண்ட விதம்தான்.

அந்த ஊரின் பெயர் கோபார்கோ. சிட்னியிலிருந்து தெற்கே காரில் ஐந்து மணி நேரம் போகவேண்டும், மாடும் பாலுமாக வாழ்கிற சின்ன ஊர். டிசம்பர் 31 விடியற்காலையில் தீ வந்து கடைத்தெருவில் பாதியைத் தின்றுவிட்டது. பக்கத்தில் பண்ணையைக் காப்பாற்ற நின்ற ஒரு அப்பாவும் மகனும் கருகிப் போனார்கள். ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் ஸ்காட் மோரிசன் அங்கே போனார். நீங்கள் டிவியில் பார்த்தது அதுதான். தீயணைப்புக்கு இன்னும் பணம் கொடுத்தால்தான் கை கொடுப்பேன் என்று அந்தப் பெண் சொன்னார். மோரிசன் அவர் கையை எடுத்துத் தானே குலுக்கிவிட்டு, முழுவதும் கேட்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் டிவியில் வந்ததோ என்னவோ, இன்னொன்றும் நடந்தது. ஒரு தீயணைப்பு வீரரும் கை கொடுக்கவில்லை. மோரிசன் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம், "அவர் களைத்துப் போயிருப்பார், நான் வருத்தப்பட்டேன் என்று சொல்லுங்கள்" என்றார். அதற்கு அந்த அதிகாரி, "இல்லை, அவருடைய வீடு எரிந்துவிட்டது" என்றார். இது கேமராவில் பதிவாகிவிட்டது. எனக்கென்னவோ கை கொடுக்காததைவிட இதுதான் மனதில் நிற்கிறது. மறுநாள் அந்தத் தொகுதியின் மாநில எம்எல்ஏ ஆண்ட்ரூ கான்ஸ்டன்ஸ், "அவருக்குக் கிடைக்கவேண்டிய வரவேற்புதான் கிடைத்தது" என்கிற மாதிரி டிவியில் சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அவர் மோரிசனின் அதே லிபரல் கட்சி, மாநில அமைச்சர் வேறு! நம்ம ஊரில் ஒரு மந்திரி இப்படிப் பேசியிருந்தால் அன்று ராத்திரியே பதவி போயிருக்கும். இவருக்குப் போகவில்லை.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். இங்கே டிசம்பர் என்றால் கோடை. இந்தத் தடவை செப்டம்பரிலேயே காடு எரிய ஆரம்பித்துவிட்டது. மூன்று வருஷமாக மழை பொய்த்துப்போய்க் காடு சருகாகக் கிடந்தது. அக்டோபர் கடைசியில் சிட்னிக்கு வடமேற்கே காஸ்பர்ஸ் மலையில் ஒரு மின்னல் விழுந்தது. அந்த ஒரு தீ மட்டும் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. நாங்கள் இருக்கும் பக்கம் தீ வரவில்லை, புகைதான். கொடியில் வெள்ளைப் போர்வை காயப்போட்டால் சாயங்காலம் எடுக்கும்போது கரித்தூள் அப்பிக் கிடக்கும். ஒருநாள் முழுசாகக் கருகிய யூகலிப்டஸ் இலை ஒன்று அதன்மேல் கிடந்தது. நரம்பெல்லாம் அப்படியே தெரிந்தது, விரல் பட்டதும் பொடிந்துவிட்டது. எத்தனை கிலோமீட்டர் காற்றில் வந்ததோ.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான் ரொம்பக் கஷ்டம். சன்னல் எல்லாம் சாத்தி, கதவடியில் ஈரத்துண்டு சுருட்டி வைப்போம். அப்படியும் ராத்திரி முழுக்க இருமல் சத்தம் கேட்கும். முகமூடி எந்தக் கடையிலும் இல்லை. ஜனவரி 4ஆம் தேதி எங்களுக்குப் பக்கத்து ஊரான பென்ரித்தில் 48.9 டிகிரி. அன்றைக்கு உலகத்திலேயே சூடான இடம் அதுதானாம்.

இந்த நிலைமையில், டிசம்பர் நடுவில், பிரதமரைக் காணோம். குடும்பத்தோடு ஹவாய் போய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, அப்படியெல்லாம் இல்லை என்று அவர் அலுவலகம் மறுத்தது. அங்கே கடற்கரையில் அவர் நிற்கிற படம் வெளியே வந்த பிறகு மறுக்க வழியில்லாமல் போயிற்று. டிசம்பர் 19 ராத்திரி சிட்னிக்குத் தென்மேற்கே பக்ஸ்டன் என்ற இடத்தில் தீயணைப்பு வண்டிமேல் மரம் விழுந்து இரண்டு தொண்டர்கள் இறந்தார்கள். இரண்டு பேருமே சின்னக் குழந்தைகளின் அப்பாக்கள். மறுநாள் மோரிசன் ஹவாயிலிருந்தே ரேடியோவில் பேசினார். "நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் இல்லை, கட்டுப்பாட்டு அறையில் உட்காருபவனும் இல்லை" என்றார். இந்த ஒரு வாக்கியம் அவரைச் சும்மா விடாது அப்பா, நீங்கள் வேண்டுமானால் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2006இல் இந்த நாட்டின் சுற்றுலாத் துறைக்கு மோரிசன்தான் தலைமை. அப்போது வெளிநாட்டுக்காரர்களைக் கூப்பிட ஒரு விளம்பரம் போட்டார்கள், "எங்கேதான் போய்த் தொலைந்தீர்கள்?" என்று கேட்பதுபோல. அதே வரியை இப்போது ஊரே அவரைப் பார்த்துக் கேட்டது. சிட்னியில் ஒரு சுவரில் ஹவாய்ச் சட்டையும் கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பியுமாக அவரை வரைந்தே விட்டார்கள்.

அவர் பக்கமும் நியாயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி, 90 வயதுக்கு மேல், பரம லிபரல். "அவரும் இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பாதானே, விடுமுறைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாராம்" என்று எனக்குத் தினமும் பாடம் நடத்துவார். ஜனவரியில் டெல்லிக்கு வரவேண்டியிருந்ததால்தான் விடுமுறையை டிசம்பருக்கு மாற்றினாராம். கடைசியில் தீயினால் அந்த டெல்லிப் பயணமும் ரத்தாயிற்று, நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். சட்டப்படியும் காட்டுத்தீ மாநிலத்தின் பொறுப்பு. மாநிலம் கேட்டால்தான் மத்திய அரசு ராணுவத்தை அனுப்பும். எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் கிளாடிஸ் பெரெஜிக்லியன் ஒருநாள் விடாமல் தீயணைப்பு ஆணையர் ஷேன் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் பக்கத்தில் நின்று மக்களுக்குத் தகவல் சொன்னார். அந்த ஃபிட்ஸ்சிம்மன்ஸின் அப்பாவும் தீயணைப்பு வீரர், 2000இல் தீயில்தான் இறந்தார். பக்ஸ்டனில் இறந்தவர் ஒருவரின் இறுதிச் சடங்கில், வாயில் சூப்பானோடு நின்ற அவருடைய பையனுக்கு முன்னால் மண்டிபோட்டுச் சட்டையில் பதக்கம் குத்திவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து அழாத ஆள் இங்கே இல்லை.

இங்கே கிராமத்துத் தீயணைப்பில் சம்பளக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த மாநிலத்தில் மட்டும் 70,000 பேருக்கு மேல் தொண்டர்கள், எல்லாம் வேறு வேலை பார்ப்பவர்கள். என்னோடு வேலை பார்ப்பவளின் வீட்டுக்காரர் பிளம்பர். வாரக்கணக்கில் தீயில் கிடந்தார், அத்தனை நாளும் வருமானம் கிடையாது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து அவளைக் கூட்டிப்போக நேராகத் தீயிலிருந்தே வந்தார். மஞ்சள் உடுப்பு முழுக்கக் கரி, புருவம் பொசுங்கியிருந்தது. டீ கொடுத்தேன். பிரதமரைப் பற்றிக் கேட்டதற்கு, "வந்தால் பத்து கேமராவோடு வந்து வழியை மறிப்பார், அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள்தான் கொதித்தாள். போனது தப்பில்லை, போகவில்லை என்று ஏன் பொய் சொன்னார்கள் என்பது அவள் கேள்வி. டிசம்பர் கடைசியில்தான் தொண்டர்களுக்கு ஒரு நாளைக்கு 300 டாலர், மொத்தம் 6,000 வரை தருவதாக அறிவித்தார்கள். அதுவும் பத்து நாளுக்கு மேல் போனவர்களுக்குத்தான்.

ஊர் திரும்பியபின் மோரிசன் மன்னிப்பும் கேட்டார். ஆனால் தொட்டதெல்லாம் சிக்கலாகவே போயிற்று. புத்தாண்டன்று கிரிக்கெட் அணிகளுக்கு வீட்டில் விருந்து கொடுத்து, வீரர்களின் ஆட்டம் மக்களுக்கு உற்சாகம் தரும் என்றார். தீ எரிகிற ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கு முந்தைய நாள்தான் பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் மல்லகூட்டா என்ற ஊரில் 4,000 பேர் கடலோரத்தில் ஒதுங்கி நின்றார்கள். காலையிலேயே வானம் இருட்டி, அப்புறம் ரத்தச் சிவப்பானது. கடற்படைக் கப்பல் வந்துதான் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனது. ஜனவரி 4ஆம் தேதி 3,000 ராணுவ ரிசர்வ் வீரர்களைக் கூப்பிட்டார், நல்ல காரியம். ஆனால் ஆணையர் ஃபிட்ஸ்சிம்மன்ஸுக்கு அது செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். அதே நாளில் அதைச் சொல்லிக் கட்சி சார்பில் இசை போட்டு ஒரு விளம்பர வீடியோவும் வந்தது! புயல் நிவாரண மூட்டையில் படம் ஒட்டுகிற புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். எல்லோரும் ஹவாயையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அது திட்டுவதற்குச் சுலபம். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. போன ஏப்ரலிலேயே, தீ வருவதற்கு முன்னாலேயே, கிரெக் முல்லின்ஸ் என்ற முன்னாள் தீயணைப்பு ஆணையரும் அவரைப் போன்ற இருபதுக்கு மேற்பட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகளும் பிரதமரைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். பெரும் தீ வரப்போகிறது, பருவநிலை மாறிவிட்டது, தண்ணீர் ஊற்றும் பெரிய விமானங்கள் போதாது என்று சொல்லத்தான். நேரம் கிடைக்கவே இல்லை. நிலக்கரியைப் பற்றிப் பேசவேண்டி வரும் என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 2017இல் நிதியமைச்சராக இருந்தபோது ஒரு நிலக்கரிக் கட்டியைப் பாராளுமன்றத்துக்குள் எடுத்துவந்து, "பயப்படாதீர்கள்" என்று ஆட்டிக் காட்டியவர் மோரிசன். அந்தச் சந்திப்பு நடக்காததைப் பற்றி டிவியில் கொஞ்சம்தான் பேசினார்கள். ஹவாய்ச் சட்டைக்குக் கிடைத்த நேரம் அதற்குக் கிடைக்கவில்லை.

பழியைத் திருப்பிவிடவும் ஆள் இருந்தார்கள். தீ வைத்தவர்கள்தான் காரணம் என்று 183 பேர் கணக்கு ஒன்று சுற்றியது. போலீஸ் கணக்கையே எடுத்துப் பார்த்தால் வேண்டுமென்றே தீ வைத்ததாக வழக்கு 24 பேர்மேல்தான், மற்றவர்கள் சிகரெட்டை எறிந்தது, தடையை மீறி அடுப்பு மூட்டியது என்ற வகை. பசுமைக் கட்சிக்காரர்கள் குளிர்காலத்தில் முன்கூட்டியே சருகை எரிக்கவிடாமல் தடுத்தார்கள் என்று இன்னொரு கதை. சருகு எரிப்பது முக்கியம்தான், ஆனால் அது சர்வரோக நிவாரணி இல்லை என்று ஃபிட்ஸ்சிம்மன்ஸே சொல்லிவிட்டார்.

நல்லதும் பார்த்தேன் அப்பா. விக்டோரியாவில் பேர்ன்ஸ்டேல் பக்கம் சீக்கியர்கள் வேன் போட்டுச் சோறும் குழம்பும் ஆக்கிப்போட்டார்கள். செலஸ்ட் பார்பர் என்ற நகைச்சுவை நடிகை கேட்டதற்கு உலகம் பூராவிலிருந்தும் 5 கோடி டாலர் சேர்ந்தது.

கடைசியில் அணைத்தது மழைதான். இந்த மாதம் இரண்டாம் வாரத்தில் சிட்னியில் நான்கு நாளில் 390 மில்லிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். யாரும் திட்டவில்லை, வாசலில் வந்து நின்று நனைந்தார்கள். 13ஆம் தேதி மாநிலத்தின் எல்லாத் தீயும் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மொத்தம் 33 உயிர், இந்த மாநிலத்தில் மட்டும் 2,400 வீட்டுக்கு மேல். போன வியாழக்கிழமை ராயல் கமிஷன் அறிவித்திருக்கிறார்கள், நம்ம ஊர் விசாரணைக் கமிஷன் மாதிரி. முன்னாள் முப்படைத் தளபதி மார்க் பின்ஸ்கின் தலைமை, ஆகஸ்டுக்குள் அறிக்கை தரவேண்டுமாம். கருத்துக் கணிப்பில் மோரிசன் சறுக்கிவிட்டார், எதிர்க்கட்சித் தலைவர் ஆல்பனீசி முந்திவிட்டார். தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதற்குள் ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கும் இவருக்கும் இதில் நூறு டாலர் பந்தயம்.

அங்கே கஜா பணம் மிச்சம் வந்ததா? மரத்துக்கு 1,100 என்று சொன்னதில் நம் கணக்கில் பாதி மரத்தை விட்டுவிட்டார்கள் என்று சொன்னீர்களே, விஏஓவிடம் மறுபடி மனு கொடுத்தீர்களா? அண்ணனை நம்பாமல் நீங்களே தாலுகா ஆபீஸ் போய் ரசீது வாங்கி வையுங்கள். கிழக்குத் தோப்பில் வைத்த கன்றுகளுக்குச் சொட்டுநீர் போட ஆகும் செலவை எழுதுங்கள், மார்ச்சில் அனுப்புகிறேன். அம்மாவைச் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், பட்டுக்கோட்டையிலேயே எடுத்தால் போதும். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்