வளைகாப்புத் தட்டில் ஒரு தாள் வையுங்கள்

சமுதாய வளைகாப்பு நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கும், அந்த மேடையில் வந்து உட்காரும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்னும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் நீங்கள் நடத்திய வளைகாப்புக்கு, பேத்தி முறையாகும் பெண் ஒருத்திக்குத் துணையாக வந்திருந்தேன். கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், பூ, பழம், கலவை சாதம், எதிலும் குறை சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு, சத்துமாவை வீணாக்காதே. எல்லாம் சரிதான். ஆனால் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களில் ஒருத்தியிடமாவது, "அடுத்த வாரம் நீ எந்த ஊரில் இருப்பாய்?" என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் வளையல் அடுக்கிய கையோடு அவள் தாய்வீட்டுக்குக் கிளம்புகிறாள். ஏழாம் மாதம் இல்லாவிட்டால் ஒன்பது. எட்டில் ஊர் மாற்ற மாட்டோம். ஏழாம் மாதம் என்பது வாரக் கணக்கில் 28ஐ ஒட்டிய நேரம். 37 வாரம் முடியும் முன் பிறப்பதெல்லாம் குறைமாதக் குழந்தைதான். 2020இல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. உலகக் கணக்கில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் நம் நாட்டில். ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வருவதும், திடீரென்று உதிரம் போவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்று மாதங்களில்தான். சரியாக அந்த நேரம் பார்த்து, அவள் ரத்த அளவு தெரிந்த நர்ஸ், அவள் வீட்டு வாசல் தெரிந்த ஆயா, போன தடவை ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று அறிந்த டாக்டர் எல்லோரையும் விட்டுவிட்டு ஊர் மாறுகிறாள். கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கும் பிக்மி எண் மாநிலம் முழுக்க ஒன்றுதான், நான் மறுக்கவில்லை. எண் அவளோடு போகும். அவளைத் தெரிந்தவர்கள் போக மாட்டார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். என் துணை சுகாதார நிலையத்தில் பதிந்தவள், தலைச்சன். வளைகாப்பு முடிந்து எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் ராத்திரி இடுப்பு வலி. சூட்டு வலியாக இருக்கும் என்று அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். நம் வீடுகளில் வழக்கம்தானே, சூடாக இருந்தால் அடங்கும், பிரசவ வலியாக இருந்தால் கூடும். கூடியது. அதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. செக்கப் அட்டை மாமியார் வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. எத்தனை வாரம் என்று கேட்டால் "ஏழு மாசம்" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கிட்டத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதி இல்லை என்று அங்கிருந்து அனுப்பினார்கள். இரண்டாவது இடத்துக்குப் போய் இறங்கும்போது பிள்ளை பாதி வெளியே வந்திருந்தது. ஒரு கிலோ இருநூறு கிராம். இரண்டு நாள் இருந்தது.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரியும் என்கிறீர்கள்? ஒரு வாரம் கழித்து, பதிவேட்டில் ஒரு கட்டம் நிரப்புவதற்காக நான் போன் பண்ணியபோது.

யார் மீதும் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு மகள் மேல் பாசம் குறைவா? சீரகக் கஷாயம் குடிக்காமல் நேராகக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் பாருங்கள். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கினால் தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசி போடுகிறோம். 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட அது உதவுகிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டிகளில் கவனித்த விஷயம். 1972இல் அவரும் ஹோவி என்ற மருத்துவரும் மனிதக் குழந்தைகளில் நிரூபித்தார்கள். விலை அதிகமில்லாத மருந்து. மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைச் செவிலியரே போட்டு அனுப்பலாம் என்று 2014இலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் இந்த மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு கொடுத்து அதே பலனை எடுக்க முடியாது. கஷாயத்தில் போன மூன்று மணி நேரம், வழிகேட்டு அலைந்த ஒன்றரை மணி நேரம், இவைதான் அந்தக் குழந்தையின் நுரையீரலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரம்.

இன்னொன்று. ஏழாம் மாசம் பிறந்தால் தங்கும், எட்டாம் மாசம் பிறந்தால் தங்காது என்று சொல்லும் வாய்கள் இன்னும் இருக்கின்றன. படித்த வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான். எட்டு மாதப் பிள்ளை ஏழு மாதப் பிள்ளையைவிட நன்றாகவே பிழைக்கும். இதை மேடையில் மைக்கைப் பிடித்து ஒரு டாக்டர் சொன்னால் கிழவிகள் கேட்பார்கள். நான் சொன்னால் "நர்ஸம்மா அப்படித்தான் சொல்லும்" என்று சிரிப்பார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். வெற்றிலை பாக்கோடு தட்டில் வையுங்கள். வைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள், அந்தப் பெண், அவள் அம்மா, மாமியார், முடிந்தால் புருஷன், எல்லோரும் பந்தலில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். இந்த நான்கு பேரும் ஒரே இடத்தில் சிரித்த முகமாக உட்காரும் நாள் அதற்கு முன்னும் வராது, பின்னும் வராது என்பதுதான் இதில் சூட்சுமம்.

எந்த ஊருக்குப் போகிறாள், அந்த ஊர் நர்ஸின் போன் எண் என்ன. எண்ணை எழுதினால் போதாது, அங்கேயே போட்டுப் பேச வைக்க வேண்டும். இன்றைக்கு எத்தனை வாரம் எத்தனை நாள். ரத்த வகை, நெகட்டிவ் என்றால் சிவப்பு மையில். அந்த ஊரிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதில்தான் குடும்பங்கள் குழம்புகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் நன்றாகப் பார்ப்பார்கள். ஆனால் ஆபரேஷன், ரத்தம் என்றால் அவசரப் பிரசவ சிகிச்சை தரும் சீமாங்க் மையம் வேண்டும், குறைமாதம் என்றால் பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். 108க்குப் போன் செய்தால் வீட்டுக்கு என்ன அடையாளம் சொல்வது, ராத்திரியில் வண்டி வரத் தாமதமானால் யார் வீட்டுக் கார், ரத்தம் கொடுக்க எந்த இரண்டு பேர். புருஷன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருந்தால், அவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, 18 வயது நிறைந்தவள் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம் என்பதையும் அச்சடித்துவிடுங்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கும் அது நினைவில் இருந்தால் நல்லது.

தாளின் பின்பக்கம், எப்போது கஷாயம் வைக்காமல் கிளம்ப வேண்டும் என்று. உதிரம் பட்டால், சொட்டாக இருந்தாலும். பனிக்குட நீர் கசிந்தால். வலியோ வயிறு இறுகுவதோ விட்டு விட்டு ஒரே சீராக வந்தால். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல். காய்ச்சல். பிள்ளையின் அசைவு குறைந்தால். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போடுங்கள்.

வழியிலேயே பிறந்துவிட்டால்? துடைத்து ஈரம் போக்கி, தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி வைத்து, தலைக்குக் குல்லா போட்டு, மேலே துணியால் மூடிக் கொண்டு போக வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. சேனை வைக்கவே கூடாது. குறைமாதப் பிள்ளைக்குச் சப்பி விழுங்கிச் சுவாசிக்கும் ஒழுங்கு வந்திருக்காது, சர்க்கரைத் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நெஞ்சோடு வைப்பதை ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். 1978இல் கொலம்பியாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. எடை குறைந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே நெஞ்சோடு வைத்துப் பார்த்ததில், கொஞ்சம் தேறிய பிறகு வைத்ததைவிடச் சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆகையால் சீர்வரிசையில் நீங்கள் தரும் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் ஒரு பருத்தித் துணியும் குட்டிக் குல்லாவும் கொடுத்தால் நான் உங்களைக் கும்பிடுவேன். டப்பா எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

பிழைத்து வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கும் தாளில் ஒரு வரி இடம் விடுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு விழித்திரை கெட்டுப்போக வாய்ப்புண்டு. பிறந்த 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்க்க வேண்டும், மிகச் சிறிய பிள்ளை என்றால் இன்னும் முன்னதாக. தீட்டு கழியட்டும் என்று அந்த நாட்களைக் கடத்திவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வேலை கூடும் என்று அங்கன்வாடித் தங்கைகள் முணுமுணுப்பார்கள். அவர்கள் சுமையும் எனக்குத் தெரியும், ஏற்கெனவே செல்போனில் ஏற்றுவதற்கே பொழுது போதவில்லை. ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிடம் ஆகும். மேடைப் பேச்சில் இரண்டு பேரைக் குறைத்தால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

அடுத்த வளைகாப்பு எந்தத் தேதி என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். தாளும் பேனாவும் நானே கொண்டு வருகிறேன். பந்தல் ஓரத்தில், மைக் சத்தம் எட்டாத இடத்தில் ஒரு மேசையும் ஐந்து நாற்காலியும் போட்டு வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்