கழிவுநீர்த் தொட்டியின் நிலையை அன்றே அறிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்றதும் குழாய்களும் கான்கிரீட் தொட்டிகளுமே பேசப்படுகின்றன. அழுக்கைத் தின்று தீர்ப்பவையோ காற்றூட்டத் தொட்டியில் வாழும் நுண்ணுயிரிகள். 1914இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் வெளியிட்ட முறையில், படிந்த கசட்டின் (நுண்ணுயிரிகள் திரண்ட சேற்றின்) ஒரு பகுதியைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புவது இந்த உயிர்க்கூட்டத்தைக் காப்பதற்காகத்தான்.

தொட்டி ஒழுங்காக இயங்குகிறதா என்பதற்கு நாம் பெரிதும் நம்பும் பி.ஓ.டி. சோதனையின் (நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்று அளப்பது) முடிவு வர ஐந்து நாள்கள் ஆகும். திங்கட்கிழமை நச்சு இரசாயனம் உள்ளே வந்தால், சனிக்கிழமை முடிவு கிடைக்கும்போது அந்த நீர் ஆற்றில் கலந்து வெகுதூரம் போயிருக்கும். விதிமுறை வரம்புகளைச் சரிபார்க்க அச்சோதனை இருக்கட்டும். தொட்டியை அன்றாடம் நடத்த அது உதவாது.

விரைவுச் சோதனைகள் அரியவை அல்ல. தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கலவையை எடுத்து அளவுருளையில் 30 நிமிடம் அசையாமல் வைத்தாலே கசடு சரியாகப் படிகிறதா எனத் தெரிந்துவிடும். படியாவிட்டால், கசட்டைப் படியவிடாத இழை வடிவ நுண்ணுயிரிகள் மிகுந்துள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். கசடு ஆக்சிஜனை உறிஞ்சும் வேகத்தைச் சில நிமிடங்களில் அளந்துவிட முடியும். வரும் கழிவின் சுமை குறையாதபோதும் அவ்வேகம் திடீரென வீழ்ந்தால், நச்சு நுழைந்திருக்குமோ என்றே முதலில் ஐயுற வேண்டும். மின்மினிப் பூச்சியின் நொதியைக் கொண்டு உயிருள்ள செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை ஒளியின் அளவாகக் காட்டும் சோதனையோ, கசட்டில் உயிருள்ள பகுதி எவ்வளவு என்பதையே மதிப்பிட்டுத் தருகிறது.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகுபவை. அழிந்தால் மீண்டும் நிலைபெற வாரக்கணக்கில் ஆகலாம். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் அவற்றுக்குத் தேவை. வெளியேறும் நீரில் அம்மோனியா ஏறுவது அன்றே தெரிந்தால், காற்றைக் கூட்டியும் கசடு வெளியேற்றத்தைக் குறைத்தும் பெரும்பாலும் அவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, நீரின் தரம் கெட்டதும் பொடியாக விற்கும் நுண்ணுயிரிக் கலவைகளை வாங்கிக் கொட்டுவது பணத்தைச் சாக்கடையில் போடுவதே (இங்கே அது உவமைகூட இல்லை). ஆக்சிஜன் குறைவோ நச்சோ நீங்காதவரை, புதிதாக விட்ட உயிர்களும் அதனாலேயே மடியும். நிலையம் தொடங்கும்போதும் பேரழிவுக்குப் பின்னும், நன்றாக இயங்கும் வேறொரு நிலையத்தின் கசட்டைக் கொண்டுவந்து சேர்ப்பது வேறு, அது பயனுள்ளது.

சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுமதி வழங்குவோர், தினசரிப் படிவுச் சோதனை, ஆக்சிஜன் உறிஞ்சும் வேகம், அம்மோனியா அளவு ஆகியவற்றின் பதிவேட்டையும், அதைப் பார்த்து உடனே முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட பணியாளர் ஒருவரையும் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்