திமிங்கலத்தின் கணுக்காலும் மரபணுத் தரவுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலூட்டிகளின் மரபணுத் தொகுதி ஆய்வுகளைப் பற்றிய செய்திகளில், அந்தத் தரவுகள் எந்தப் பழைய முடிவைத் திருத்தின என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இன்று வாழும் விலங்குகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானையே என்று 1990களில் மூலக்கூறு ஆய்வுகள் சொன்னபோது, எலும்புகளைக் கொண்டு ஆராய்ந்தவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. நீர்யானையைப் போலவே இரட்டைப்படைக் குளம்பு விலங்குகளான ஆடு, மாடு, மான் ஆகியவற்றுக்கு உள்ளதைப் போல, இரு முனைகளும் கப்பியாக வளைந்த கணுக்கால் எலும்பு தொன்மைத் திமிங்கலப் புதைபடிவங்களிலும் இருப்பது 2001இல் வெளியான பிறகே அந்த எதிர்ப்பு தளர்ந்தது.

240 பாலூட்டி இனங்களை ஒப்பிட்ட ஸூனோமியா திட்டம், மனித மரபணுத் தொகுதியில் குறைந்தது 10.7 விழுக்காடு பரிணாமத்தில் பெரிதும் மாறாமல் பேணப்பட்டு வந்துள்ளதாக 2023இல் அறிவித்தது. அதில் பெரும்பகுதி புரதங்களுக்கான குறியீடு அல்ல என்பதே என்னை வியக்க வைக்கிறது.

ஆனால், இத்தகைய ஆய்வுகளுக்கான மரபணு வரிசைகளைச் சேமித்து வைக்கும் பொதுத் தரவுத்தளங்களில் உள்ள பல பதிவுகளில், மாதிரி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்ற விவரமே இல்லை. இனத்தை அடையாளம் கண்டதில் பிழை நேர்ந்திருந்தால், அதைப் பின்னர் சரிபார்க்க வழியில்லாமல் போகிறது. ஆகவே, சேகரித்த இடம், நாள், அருங்காட்சியக மாதிரி எண் ஆகியவற்றை, வேட்டை அச்சமுள்ள இனங்களுக்கு மட்டும் துல்லியமான இடத்தை மறைத்து, ஆய்விதழ்கள் கட்டாயமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்