பஞ்சாங்கப் பகுதியில் ஊர்ப் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் தினசரி பஞ்சாங்கப் பகுதியில் திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் தவறாமல் வருகின்றன. அவை எந்தப் பஞ்சாங்கப்படி, எந்த ஊர் சூரிய உதயத்துக்கு என்பது மட்டும் வருவதில்லை. அது தெரியாமல் நாள் குறிப்பது பெரிய சிக்கல்.

ராகு காலம் பகல் பொழுதில் எட்டில் ஒரு பங்கு. உதயம் காலை 6, அஸ்தமனம் மாலை 6 என்றால்தான் அது சரியாக ஒன்றரை மணி நேரம். திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30 என்ற வாய்ப்பாடும் அப்போதுதான் பொருந்தும். தை முதல் வாரத்தில் கோவையில் உதயம் ஏறக்குறைய 6.46, அஸ்தமனம் 6.20. பகல் 11 மணி 34 நிமிடம். எட்டால் வகுத்தால் ஒரு பங்கு சுமார் 87 நிமிடம். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு என்பதால் அன்று ராகு காலம் 4.53 முதல் 6.20 வரை. அச்சில் 4.30 - 6.00 என்று பார்த்துவிட்டு 6.05க்கு நிச்சயதார்த்தத் தட்டு மாற்றுகிறவர்கள் ராகு காலத்துக்குள்ளேயே மாற்றுகிறார்கள். அதே நாளில் சென்னையில் 6.04க்கே பொழுது சாய்ந்துவிடும். இந்த 16 நிமிட வித்தியாசத்தில் சுமார் 13 நிமிடம், தீர்க்கரேகையில் கோவை சுமார் 3.3 பாகை மேற்கே இருப்பதால் மட்டுமே வருகிறது.

திதியில் சிக்கல் இன்னும் பெரிது. பஞ்சாங்கங்களில் வாக்கியம், திருக்கணிதம் என இரு முறைகள் உண்டு. வாக்கியம் என்பது சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 சந்திர வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் பழைய முறை. திருக்கணிதம் வானில் காணும் நிலையோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட்டது. இரண்டுக்கும் திதி முடிவில் சில மணி நேரம்கூட வேறுபாடு வரும். தேவசத்துக்கு (இறந்தவருக்கு ஆண்டுதோறும் அவர் இறந்த திதியில் செய்யும் சடங்கு) பகலை ஐந்தாகப் பிரித்து நான்காம் பங்கான அபராண்ணத்தில், அதாவது 12 மணி நேரப் பகலில் 1.12 முதல் 3.36 வரை, திதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றில் 12.30க்கும் மற்றொன்றில் 4 மணிக்கும் திதி முடிந்தால் தேவச நாளே மாறிவிடும். வீட்டில் வழிவழியாக எதைப் பார்க்கிறார்களோ அதையே பார்ப்பதுதான் முறை; ஆனால் அச்சிட்டது எது என்று தெரிந்தால்தானே பார்க்க முடியும்? சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இலும், திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி 2026 மார்ச் 6இலும் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாழிகைக் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். 'திதி 23.40' என்பது மணியும் அல்ல, தசமமும் அல்ல. உதயத்திலிருந்து 23 நாழிகை 40 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம்; இந்தப் பஞ்சாங்க விநாடி, கடிகார விநாடி அல்ல, 60 சேர்ந்தால் ஒரு நாழிகை. ஆக 9 மணி 28 நிமிடம். உதயம் 6.02 என்றால் திதி முடிவது பிற்பகல் 3.30. உதய நேரம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது. 'இரவு 2.10 வரை' என்று போடும்போதும், பஞ்சாங்க நாள் மறுநாள் உதயம் வரை நீள்வதால், ஆங்கிலத் தேதியையும் சேர்த்துப் போடுவது அவசியம்.

'வாக்கியம், கோவை உதயம் 6.46, அஸ்தமனம் 6.20' என்று பகுதியின் அடியில் ஒரு வரி போதும். மதுரை, நெல்லை, திருச்சி பதிப்புகளில் அந்தந்த ஊர் நேரத்தைப் போட்டால் மீதியை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்