கோணல் கட்டைக்கு வந்த மவுசு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் அன்றைக்கு "அங்கே என்ன மரம் நிறைய இருக்கு?" என்று கேட்டீர்கள், நான் ஏதோ ஓக் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அமெரிக்காவில் நான் இருக்கிற இந்தச் சவானா ஊரில் தெருவுக்குத் தெரு குடை விரித்து நிற்கிற மரத்தை இத்தனை நாள் சரியாகப் பார்க்கவே இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. பெயர் லைவ் ஓக். வடக்கே இருக்கிற ஓக் எல்லாம் குளிரில் மொட்டையாகிவிடும், இது ஜனவரியிலும் பச்சையாக நிற்கும். இலையே கொட்டாது என்றில்லை, வசந்தத்தில் புது இலை தள்ளும்போது பழசை மொத்தமாக என் கார் மேல் கொட்டும்.

சரி, கட்டைக்கு வருகிறேன். புயலில் முறிந்த கிளையை அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் செங்கல் அளவுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். வாளித் தண்ணீரில் போட்டால் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது! காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 1,000 கிலோ இருக்குமாம், தேக்கு 650 பக்கம்தான். கைரம்பம் பாதி வழியில் இறுகிக்கொண்டது, மரத்தின் நார் ரேகை அப்படிப் பின்னிக் கிடக்கிறது.

ஆனால் அடிமரம் குட்டை, கிளையெல்லாம் வளைந்து நெளிந்து தரையைத் தொடப் பார்க்கும். நீங்கள் பார்த்தால் "நேர்ப் பலகை நாலு தேறாது, அடுப்புக்குப் போடு" என்பீர்கள். அந்தக் காலத்துக் கப்பல் ஆசாரிகள் இந்தக் கோணலைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் அப்பா. கப்பலின் உடம்பைத் தாங்கும் விலாவும், மூலைகளைப் பிணைக்கும் முட்டும் வளைவாக வேண்டும், நேர் மரத்தை வளைவாக வெட்டினால் ரேகை அறுந்து அங்கேயே பிளக்கும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா. அதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் அச்சுப் பலகை செய்து காட்டுக்கே கொண்டுபோய், எந்தக் கிளை அந்த வளைவில் வளர்ந்திருக்கிறது என்று வைத்துப் பார்த்து வெட்டினார்களாம். 1794-இல் வடக்கிலிருந்து இங்கே பக்கத்துச் செயின்ட் சைமன்ஸ் தீவுக்கு வந்த மரவெட்டிகளில் நிறையப் பேர் மலேரியாவில் படுத்துவிட்டார்கள், பாவம்.

அந்த மரத்தில் கட்டிய கான்ஸ்டிடியூஷன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் 1797-இல் பாஸ்டனில் தண்ணீரில் இறங்கியது. நடுவில் லைவ் ஓக் விலாக்கள், உள்ளும் புறமும் வெள்ளை ஓக் பலகை. 1812-இல் பிரிட்டிஷ் கப்பல் சுட்ட குண்டுகள் பட்டுத் தெறித்து விழுந்ததால் 'ஓல்டு அயன்சைட்ஸ்', அதாவது பக்கமெல்லாம் இரும்பான கிழம், என்ற பட்டப்பெயர் வந்தது. பலகைகளைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் கப்பல் இன்னும் பாஸ்டனில் மிதக்கிறது. இரும்புக் கப்பல் வந்த பிறகு இந்த மரத்தை யாரும் தேடவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான், இல்லையென்றால் என் தெருவில் நிழல் ஏது.

என் துண்டுக்கு இரண்டு முனையிலும் வெடிப்பு விழ ஆரம்பித்துவிட்டது. உளி தட்டுகிற மரச் சுத்தியல், கொட்டாப்புளி ஒன்று செய்யலாம் என்று ஆசை. முனைக்கு மெழுகு பூசி வைக்கட்டுமா, இல்லை வேறு வழி உண்டா? அம்மாவிடம் சொல்லி உடனே பதில் போடச் சொல்லுங்கள், வெடிப்பு நாளுக்கு நாள் நீள்கிறது.

உங்கள் மகன்