பாதியில் திரும்பும் நாளையும் விலையில் சேருங்கள்

பனிமலைக்குக் குழு அழைத்துச் செல்லும் சிங்கப்பூர்ப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ, நேப்பாளம் என்று என் தம்பியும் அவன் நண்பர்களும் முன்பணம் கட்டிவிட்டார்கள். மாலையானால் முதுகில் சுமையோடு வீவக அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். கால்கள் தயாராகிவிடும். பனியைப் பார்த்ததும் ஆபத்தை அறியும் பழக்கம் இந்த வெயிலில் யாருக்கு வரும்? அதை நீங்கள்தான் தர வேண்டும். நான் பார்த்த பயணக் குறிப்புகளில் குளிர்ச்சட்டை, காலணி, காப்புறுதி எல்லாம் இருந்தன. பனிச்சரிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கோ உச்சியில் பனி தானாக உடைந்து விழும் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் உயிர் பறித்த சரிவுகளில் பெரும்பாலானவை, சிக்கியவரோ அவருடன் வந்தவரோ மிதித்ததால் கிளம்பியவை. அடியில் சர்க்கரை போல ஒட்டாத அடுக்கு, அதன்மேல் காற்று குவித்த புதுப்பனி, 30 முதல் 45 பாகைச் சாய்வு: இவை சேர்ந்த இடத்தில் ஓர் ஆளின் எடையே போதும். பனிச்சரிவு எச்சரிக்கை அளவு ஐந்தில் மூன்று என்றால் பாதிதானே என்று தோன்றும். அந்த மூன்றில்தான் ஏராளமானோர் இறந்திருக்கிறார்கள்.

புதைந்தவரை முதல் 10 நிமிடங்களில் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி நேரம் கடந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க முடியாது, கூட நிற்பவர்தான் தோண்ட வேண்டும். ஸ்கீ விடுதியின் எல்லையைத் தாண்டும் ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), பனியில் குத்தித் தேடும் நீளக் குச்சி, மண்வாரி இருக்க வேண்டும். போய் இறங்கியதும் அரைநாளாவது பயிற்சி வேண்டும்.

நடைப்பயணம்தானே என்று சொல்லாதீர்கள். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயலின் மிச்சம் நேப்பாளத்தின் தோரோங் லா கணவாய்ப் பகுதியில் பனியாகக் கொட்டியபோது, அன்னபூர்ணா வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். நடைப்பயணிகளும் உள்ளூர் வழிகாட்டிகளும் அவர்களில் உண்டு. 2017 மார்ச் 27 அன்று ஜப்பானின் நாசுவில் வானிலை மோசமானதால் மலையேற்றத்தைக் கைவிட்டு, பதிலுக்குப் பனியில் நடக்கும் பயிற்சிக்குப் போன 7 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சரிவில் இறந்தார்கள். அந்தப் ‘பதிலுக்கு’தான் என்னை உறுத்துகிறது. உங்கள் பயணத் திட்டத்தில் உதிரி நாள் ஒன்றுகூட இல்லை, கட்டிய பணமும் திரும்பாது. அப்படியிருக்க, வழிகாட்டி “இன்று வேண்டாம்” என்றால் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கேட்பார்கள்?

எனவே உதிரி நாட்களைச் சேருங்கள். வழிகாட்டியின் சொல்லே முடிவு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். திரும்பி வந்ததற்காக அவர் கூலியில் ஒரு காசும் குறையக் கூடாது. ஹொக்கைடோவின் நிசேகோ ஸ்கீ தலத்தில் ஆபத்தான நாட்களில் எல்லை வாயில்களை அடைத்துவிடுவார்கள். அடைத்திருந்தால் எல்லைக் கயிற்றைத் தாண்ட மாட்டோம் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

இதற்குச் சில நூறு வெள்ளி கூடுதலாகும் என்றால், பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள். கட்டுகிறோம்.

இப்படிக்கு,
தம்பியை உங்களோடு அனுப்பும் ஓர் அக்கா,
ஈசூன்